யாருடைய வலிக்கு இந்த மருந்து?

மருத்துவம் குறித்து எழுத உனக்கு என்ன தகுதி இருக்கிறது என்று நண்பர்கள் கேட்கக்கூடும். கேட்கவேண்டிய கேள்விதான். நான் மருத்துவன் அல்லன். சிற்றிதழ்களையும் நாவல்களையும் வாசித்து, எப்போதாவது அவற்றைப் பற்றி நாலு வரி எழுதுகிறவன். ஆனால் 2023ஆம் ஆண்டில், என் ஆறு வயது மகளின் ஒரே ஒரு பால்பல்லுக்காக மூன்று முறை ஆன்டிபயாடிக் சிரப்பைக் கலக்கி, குலுக்கி, அளந்து, அவள் அழ அழ வாயில் ஊற்றியவன். அந்த மூன்று புட்டிகளில் ஒன்றுகூட அவளுக்குத் தேவைப்பட்டிருக்கவில்லை என்பது பின்னால் தெரியவந்தபோது உண்டான கோபமே இக்கட்டுரை. அக்கோபத்தில் ஒரு பங்கு என்மீதே உள்ளது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

1

நடந்ததைச் சுருக்கமாகப் பதிவு செய்கிறேன். நாங்கள் கும்பகோணத்தில் இருக்கிறோம். அந்த ஆண்டு ஜூன் மாதத்தில் ஓரிரவு மகள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். கீழ்வரிசையில் வலப்பக்கக் கடைவாய்ப்பல். மறுநாள் மாலை பல் மருத்துவரிடம் அழைத்துச்சென்றோம். அவர் சிறு கண்ணாடியை வாய்க்குள் விட்டு, விளக்கைத் திருப்பி அரை நிமிடம் பார்த்தார். குழந்தை வீறிட்டாள். "இன்னிக்குக் கை வைக்க முடியாது சார். அஞ்சு நாளைக்கு மருந்து கொடுங்க. வலி அடங்கட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார். அமாக்ஸிசிலினும் கிளாவுலனிக் அமிலமும் கலந்த சிரப், கூடவே வலிக்கு ஒரு சிரப். இரண்டு நாளில் வலி அடங்கியது. அடங்கியதும் நாங்கள் திரும்பப் போகவில்லை.

செப்டம்பரில் அதே பல்லுக்குக் கீழே ஈறில் கொப்புளம்போல ஒன்று தோன்றியது. காய்ச்சல் இல்லை, கன்னத்தில் வீக்கம் இல்லை. வேறொரு மருத்துவர். அவரும் பல்லைத் தொடவில்லை, இம்முறை செஃபிக்ஸிம். மூன்றாம் முறை தீபாவளியன்று. அந்த ஆண்டு தீபாவளி நவம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை. எல்லாம் அடைத்திருந்தது. தொலைபேசியில் கெஞ்சியதில் வாட்ஸ்அப்பில் ஒரு மருந்துச்சீட்டு வந்தது: அமாக்ஸிசிலினும் மெட்ரோனிடசோலும். குழந்தையைப் பார்க்காமலே எழுதப்பட்ட சீட்டு. அனுப்பியவருக்கு அன்று நான் பலமுறை நன்றி சொன்னேன்.

டிசம்பரில் ஒரு பல் மருத்துவக் கல்லூரியின் குழந்தைகள் பிரிவுக்குப் போனோம். அங்கிருந்த இளம் மருத்துவர் எக்ஸ்ரே எடுத்தார். பல்லைக் காப்பாற்றும் கட்டம் கடந்துவிட்டது என்றார். மரத்துப்போகும் ஊசியைப் போடுவதற்கு முன் கால்மணி நேரம் குழந்தையிடம் பேசிக்கொண்டிருந்தார். பல்லை எடுக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. சீட்டில் வலிமருந்து மட்டுமே இருந்தது. பழக்கதோஷத்தில் நான் கேட்டேன்: "ஆன்டிபயாடிக் எதுவும் எழுதலையே மேடம்?" அவர் சற்று வியப்புடன் என்னைப் பார்த்தார். "எதுக்கு சார்? கிருமி குடியிருந்த இடத்தையே எடுத்தாச்சே."

2024 பிப்ரவரியில் மகளுக்குச் சிறுநீர்த் தொற்று வந்தது. சிறுநீரை வளர்சோதனைக்குக் கொடுத்து மூன்றாம் நாள் கைக்கு வந்த அறிக்கையில், ஈ.கோலை என்ற கிருமியின் பெயருக்குக் கீழே மருந்துகளின் பட்டியல் இருந்தது. அமாக்ஸிசிலின், கிளாவுலனிக் அமிலத்துடன் சேர்ந்தது, செஃபிக்ஸிம் - மூன்றுக்கும் எதிரே 'ஆர்' என்ற ஒற்றை ஆங்கில எழுத்து. எதிர்ப்புத்திறன் உடையது என்று பொருள். வாயால் கொடுக்கும் மருந்து பலிக்காது என்று சொல்லி, ஐந்து நாள் தினமும் மருத்துவமனைக்கு அழைத்துச்சென்று ஊசி போட்டோம்.

பல்லுக்குக் கொடுத்த மருந்தால்தான் சிறுநீரில் இருந்த கிருமி எதிர்ப்புத்திறன் பெற்றது என்று என்னால் நிரூபிக்க முடியாது. நம் ஊரில் இம்மருந்துகளுக்கு மசியாத ஈ.கோலை பரவலாகவே இருக்கிறது. ஆனால் 2016இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான, உலகளாவிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த கட்டுரை ஒன்று இதைத்தான் பேசுகிறது: வெளிநோயாளியாக ஆன்டிபயாடிக் பெற்ற குழந்தைகளின் சிறுநீர்க் கிருமிகளில் எதிர்ப்புத்திறன் காணப்படும் வாய்ப்பு கூடுகிறது, அது ஆறு மாதம் வரை நீடிக்கலாம். நவம்பருக்கும் பிப்ரவரிக்கும் இடையில் மூன்று மாதம்.

நிரூபிக்க முடியாது என்பதுதான் இவ்விஷயத்தின் வசதியே. தவறான பல்லைப் பிடுங்கினால் வழக்குத் தொடுக்கலாம். தவறாக எழுதிய ஆன்டிபயாடிக்கின் விளைவு வேறோர் உறுப்பில், வேறொரு மாதத்தில், சமயத்தில் வேறொரு குழந்தையின் உடலில் போய் வெளிப்படும். எழுதியவரின் பெயர் அதில் இருக்காது.

2

மருந்து ஏன் தேவைப்பட்டிருக்கவில்லை? எனக்கு விளங்கியவரை சொல்கிறேன். இதைப் புரிந்துகொள்ள மருத்துவப் படிப்பு வேண்டியதில்லை.

பல்லின் நடுவே பல்கூழ் என்ற மென்மையான திசு இருக்கிறது. நரம்பும் ரத்தக்குழாயும் அதற்குள்தான் ஓடுகின்றன. பால்பற்களில் வெளிப்பூச்சான எனாமலும் அதற்கடுத்த அடுக்கும் மெலிதானவை என்பதால் சொத்தை விரைவில் பல்கூழை எட்டிவிடுகிறது. அப்போது பல்கூழ் அழற்சி கண்டு வீங்க முயல்கிறது, சுற்றிலும் கெட்டியான சுவர், வீங்க இடமில்லை. அந்த அழுத்தமே வலி. இந்த நிலையில் ஆன்டிபயாடிக் கொடுப்பதால் வலி குறைவதில்லை. பெரியவர்கள் 40 பேரைக் கொண்டு, பாதிப்பேருக்குப் பெனிசிலினும் மீதிப்பேருக்கு வெற்று மாத்திரையும் கொடுத்துச் செய்யப்பட்ட ஓர் ஆய்வு 2000ஆம் ஆண்டில் வெளியானது. வலியில் இரு சாராருக்கும் வேறுபாடு காணப்படவில்லை. சிறிய ஆய்வுதான். ஆனால் மருந்து உதவும் என்று காட்ட எதிர்த்தரப்பில் அந்த அளவுக்குக்கூட ஒன்றில்லை.

அடுத்த கட்டத்தில் பல்கூழ் செத்துப்போகிறது. செத்த திசுவுக்குள் ரத்த ஓட்டம் கிடையாது. விழுங்கிய மருந்து ரத்தத்தின் வழியாகத்தான் உடலெங்கும் போகிறது. ரத்தம் போகாத இடத்துக்கு மருந்து எப்படிப் போகும்? கிருமி பல்லுக்குள் பத்திரமாக இருக்கிறது. மருந்தோ குடலிலும் தோலிலும் தொண்டையிலும் யாருக்கும் தொல்லை தராமல் வாழும் கோடானுகோடி நுண்ணுயிர்களைக் கொன்றுகொண்டிருக்கிறது. அவற்றில் மருந்தைத் தாங்கக்கூடியவை பிழைத்துப் பெருகுகின்றன. குற்றவாளி வீட்டுக்குள் தாழிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க, தெருவில் போனவர்களையெல்லாம் அடித்து இழுத்துப்போகும் காவல்துறையின் வேலை இது.

ஈறில் தோன்றும் கொப்புளம் உள்ளே தேங்கிய சீழ் வெளியேறத் தேடிக்கொண்ட வழி. மருந்தால் அது சில நாள் வற்றலாம். மூலம் உள்ளேயே இருப்பதால் மீண்டும் வரும். செய்யவேண்டியது மூன்றில் ஒன்று: பல்கூழின் கெட்ட பகுதியை மட்டும் நீக்குவது, முழுதாக நீக்கி வேர்க்குழாயைச் சுத்தம்செய்து அடைப்பது, அல்லது பல்லை எடுத்துவிடுவது. மூன்றுமே கைவேலை. புட்டிக்குள் அடங்காத வேலை.

ஆன்டிபயாடிக் கட்டாயம் தேவைப்படும் தருணங்களும் உண்டு. அதை மறைப்பது ஆபத்து. முகமோ கழுத்தோ கண்ணோரமோ வீங்குவது, பல் தொற்றுடன் காய்ச்சலும் சோர்வும் சேர்வது, வாயைத் திறக்கவோ விழுங்கவோ முடியாமல் போவது - இவை உடனே மருத்துவமனைக்கு ஓடவேண்டிய அறிகுறிகள். நோயெதிர்ப்பு குன்றிய குழந்தைகள், குறிப்பிட்ட சில இதயக்கோளாறு உள்ள குழந்தைகள், விழுந்த நிரந்தரப் பல்லை மீண்டும் பொருத்தும் சந்தர்ப்பம் ஆகியவையும் இப்பட்டியலில் வரும். பட்டியல் இவ்வளவு சிறியது என்பதுதான் என் வாதம். இந்தத் தருணங்களிலும்கூட பல்லுக்குச் செய்யவேண்டியதைச் செய்தாகவேண்டும். மருந்து துணைக்கு வருவது மட்டுமே.

3

இப்பிரச்சினையைப் பேசுகிற எல்லோரும் கடைசியில் வந்து சேரும் சொல் ஒன்றுண்டு: விழிப்புணர்வு. பல் மருத்துவர்களிடையே எதிர்ப்புத்திறன் பற்றிய விழிப்புணர்வு போதவில்லை, எனவே கருத்தரங்கு நடத்தவேண்டும் என்கிறார்கள். ஆண்டுதோறும் நவம்பர் 18 முதல் 24 வரை உலக விழிப்புணர்வு வாரமும் கடைப்பிடிக்கப்படுகிறது. கல்லூரி மாணவர்கள் கோலம் போடுகிறார்கள், பதாகை பிடிக்கிறார்கள், படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

இந்தச் சொல்லை நான் நம்புவதை நிறுத்திவிட்டேன். தெரியாததாலா இது நடக்கிறது? அமெரிக்கக் குழந்தைப் பல் மருத்துவக் கழகம் எப்போது ஆன்டிபயாடிக் எழுதலாம், எப்போது கூடாது என்ற வழிகாட்டுதலைப் பல ஆண்டுகளாக வெளியிட்டுப் புதுப்பித்து வருகிறது. 2019இல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம், பல்லுக்கான சிகிச்சையைச் செய்ய வாய்ப்பிருக்கும்போது, ஆரோக்கியமான பெரியவர்களின் பல்வலிக்கும் பல்வேர்ச் சீழுக்கும் பெரும்பாலும் ஆன்டிபயாடிக் வேண்டாம் என்று சொன்னது. 2022இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட ஆன்டிபயாடிக் கையேட்டில் பல், வாய்த் தொற்றுகளுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. அதுவும் இதையே சொல்கிறது. இவை ரகசிய ஆவணங்கள் அல்ல. இணையத்தில் இலவசமாகக் கிடைப்பவை. மேற்படிப்பு முடித்த ஒருவருக்கு இவை தெரியாது என்று நாம் நினைத்தால் அது அவருக்குச் செய்யும் அவமரியாதை.

தெரிவதற்கும் செய்வதற்கும் உள்ள தூரத்தை 2012இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் பொதுப் பல் மருத்துவர்களிடமும் குழந்தைப் பல் மருத்துவர்களிடமும், குழந்தைகள் சம்பந்தப்பட்ட சில கற்பனைச் சூழல்களைக் கொடுத்து, நீங்கள் என்ன எழுதுவீர்கள் என்று கேட்டார்கள். பதில் சொன்னவர்கள் 154 பேர். தொடர்கல்வி வகுப்புக்கு வந்து உட்கார்ந்திருந்தவர்கள் அவர்கள் என்பதை மனத்தில் கொள்ளவேண்டும். வழிகாட்டுதலின்படி பதில் சொன்னவர்களின் பங்கு சூழலுக்குச் சூழல் 10 முதல் 42 விழுக்காடு வரைதான் இருந்தது. அதைவிட முக்கியம், அழைப்பு வார இறுதியில் வருவதாக வைத்துக் கேட்டபோது கிடைத்த எண்கள்: 14, 17 விழுக்காடு.

கிருமிக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது. பல்லின் உடற்கூறு வெள்ளிக்கிழமை ஒன்றாகவும் ஞாயிறன்று வேறாகவும் இருப்பதில்லை. அப்படியானால் விடுமுறை நாளில் எழுதப்படும் ஆன்டிபயாடிக் யாருக்கானது? மருத்துவமனையைத் திறக்க விரும்பாதவருக்கு. திங்கட்கிழமை வரை எதையாவது செய்துகொண்டிருக்க வேண்டும் என்று துடிக்கும் பெற்றோருக்கு. என் தீபாவளி அனுபவத்தை வட கரோலினாவின் எண்களில் நான் அடையாளம் கண்டுகொண்டேன்.

4

எனவே என் தரப்பைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். குழந்தையின் பல்வலிக்கு எழுதப்படும் ஆன்டிபயாடிக்கில் பெரும்பகுதி பெரியவர்களின் பதற்றத்துக்கு எழுதப்படுவது. விழுங்குவது மட்டும் குழந்தை.

பெரியவர்கள் யார் யார்? முதலில் மருத்துவர். அழுகிற குழந்தையின் பல்லில் வேலை செய்வது எளிதன்று. பொறுமை வேண்டும், உதவியாளர் வேண்டும், முக்கால்மணி நேரம் வேண்டும். வெளியே பத்துப் பேர் காத்திருக்கிறார்கள். சீட்டு எழுத ஒரு நிமிடம் போதும். கூடவே பயம்: நாளை வீக்கம் வந்தால், "ஆன்டிபயாடிக்கூட எழுதலையே" என்று சண்டைக்கு வருவார்களே என்ற பயம். எழுதியதற்காக யாரும் சண்டைக்கு வருவதில்லை. தற்காப்புக்காக எழுதப்படும் மருந்து என்று இதைச் சொல்லலாம், தற்காப்பு மருத்துவருக்கு.

அடுத்து, நாம். பெற்றோர். "பால்பல்தானே, தானா விழப்போகுது, அதுக்கு ரெண்டாயிரமா?" என்று கேட்கிறவர்கள் நாம். கடைவாய்ப் பால்பற்கள் பொதுவாகப் பத்து முதல் பன்னிரண்டு வயதில்தான் விழுகின்றன. ஆறு வயதுக் குழந்தை இன்னும் நான்கைந்து ஆண்டுகள் அவற்றால்தான் மென்று தின்னவேண்டும். பின்னால் முளைக்கும் பல்லுக்கு இடத்தைக் காத்துநிற்பதும் அவையே. சிகிச்சைக்குக் கணக்குப் பார்க்கும் நாம் சிரப்புக்குக் கணக்குப் பார்ப்பதில்லை. கையில் புட்டி இல்லாமல் வெளியே வந்தால் கொடுத்த கட்டணம் வீண் என்ற எண்ணம் நமக்கு. வலிமருந்தை மட்டும் எழுதிய மருத்துவரை, "ஒண்ணும் தெரியாத டாக்டர்" என்று தெருவில் சொல்லித் திரிகிறவர்களும் நாமே. ஜூனில் வலி அடங்கியவுடன் திரும்பப் போகாத குற்றம் முழுக்க என்னுடையது. அந்த ஐந்து நாளில் வலியை அடக்கியது கூட எழுதித் தந்த வலிமருந்து. புகழ் ஆன்டிபயாடிக்குக்குப் போயிற்று. இப்படித்தான் ஒவ்வொரு வீட்டிலும் அதன் புகழ் வளர்கிறது.

மூன்றாவது, மருந்துக்கடை. அமாக்ஸிசிலின் சீட்டில்லாமல் விற்கக்கூடாத மருந்து. மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரின்கள் உள்ளிட்ட 46 மருந்துகளை ஹெச்1 என்ற அட்டவணையில் சேர்த்து, விற்றதைப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு வைத்திருக்கவேண்டும் என்ற விதி 2014 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. "அண்ணே, போன தடவை பாப்பாவுக்குக் கொடுத்தீங்களே, அதே பல்லு சிரப்பு" என்று நம் கடைகளில் கேட்டுப்பாருங்கள். பதிவேடு எங்கே இருக்கிறது என்பது அப்போது தெரியும்.

நான்காவதாக, வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி. கலக்கிய சிரப் ஒரு வாரத்துக்கு மேல் தாங்காது என்று அட்டையில் எழுதியிருந்தாலும், மிச்சத்தைக் கொட்ட நமக்கு மனம் வருவதில்லை. காசு போட்டு வாங்கியது. அடுத்தமுறை சளிக்கு ஆகும், தம்பிக்கு ஆகும் என்று கதவு இடுக்கில் நிற்கும். பல குழந்தை சிரப்புகளில் இனிப்புக்காகச் சர்க்கரை சேர்க்கப்படுகிறது என்பதையும் கவனிக்கவேண்டும். சொத்தைக்கு மருந்து என்று நாம் இரவில் ஊற்றிவிட்டுப் படுக்கவைப்பது சில சமயம் சொத்தைக்கான தீனியும்தான்.

5

இனி, எதிர்வாதங்கள். பல் மருத்துவ நண்பர் ஒருவரிடம் இவற்றைப் பேசியபோது அவர் சொன்னவற்றை நியாயமாக முன்வைக்கிறேன்.

"நம் சூழல் வேறு. நோயாளி நாளை திரும்பி வருவார் என்று நிச்சயமில்லை. கிராமத்திலிருந்து இரண்டு பேருந்து மாறி வருகிறார்கள். ஏதாவது கொடுத்தனுப்பத்தான் வேண்டும்." வலுவான வாதம்போலத் தோன்றும். ஆனால் யோசித்துப் பாருங்கள். திரும்பி வரமாட்டார் என்றால், இன்றே பல்லில் கை வைப்பதற்கல்லவா அது காரணம்? வலியைத் தற்காலிகமாக அடக்கும் புட்டியோடு அனுப்பினால் அவர் நிச்சயம் திரும்பி வரமாட்டார். நான் போகவில்லையே.

"எதிர்ப்புத்திறனுக்குக் காரணம் கோழிப்பண்ணைகளும் பெரிய மருத்துவமனைகளும். ஐந்து நாள் சிரப்பை ஏன் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள்?" கோழிப்பண்ணைகளின் பங்கை யாரும் மறுக்கவில்லை. உணவுக்காக வளர்க்கப்படும் விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் கொலிஸ்டின் கொடுப்பதை இந்தியா 2019இல் தடை செய்தது. அது சரியான முடிவு. ஆனால் மருத்துவமனைக்கு வெளியே எழுதப்படும் ஆன்டிபயாடிக்குகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்று பல் மருத்துவர்களுடையது என்று பல நாடுகளின் கணக்குகள் காட்டுகின்றன. அமெரிக்காவில் 2011 முதல் 2015 வரையிலான தரவுகளை ஆராய்ந்து 2019இல் வெளியான கட்டுரை ஒன்று, பல் சிகிச்சைக்கு முன் தடுப்பாகக் கொடுக்கப்பட்டவற்றில் ஐந்தில் நான்கு தேவையற்றவை என்று கண்டது. அடுத்த வீட்டுக்காரன் அதிகமாகக் குப்பை போடுகிறான் என்பது நான் குப்பை போடுவதற்கு நியாயம் ஆகாது.

"நான் எழுதாவிட்டால் அடுத்த தெருவில் இருப்பவர் எழுதுவார். நோயாளி அங்கே போவார்." இந்த வாதத்துக்கு என்னிடம் பதில் இல்லை, ஏனென்றால் இது மருத்துவ வாதமே அன்று. இது கடைக்காரரின் வாதம். மருத்துவரும் கடைக்காரரும் வேறுவேறு என்ற நம்பிக்கையில்தான் நாம் குழந்தையை அந்த நாற்காலியில் உட்கார வைக்கிறோம்.

6

பெனிசிலினை 1928இல் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃப்ளெமிங், 1945இல் நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையிலேயே இந்த எச்சரிக்கையை விடுத்துவிட்டார். தேவையான அளவு கொடுக்காமல் அரைகுறையாக மருந்தை உட்கொள்பவர், தன் உடலில் மருந்துக்குப் பழகிய கிருமியை வளர்த்து அதை இன்னொருவருக்குக் கொடுத்து அவரைக் கொல்லக்கூடும் என்று ஒரு சிறு கதையாகவே அதைச் சொன்னார். பரிசு வாங்கிய மேடையிலேயே அதன் முடிவைப் பற்றியும் பேசிய மனிதர். நாம் பரிசை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டோம்.

பற்களுக்கு இவ்விஷயத்தில் தனியான ஒரு வரலாறும் உண்டு. 1950களில் டெட்ராசைக்ளின் புழக்கத்துக்கு வந்து குழந்தைகளுக்குத் தாராளமாகக் கொடுக்கப்பட்டது. அது வளரும் பல்லில் போய்ப் படிந்து மஞ்சளும் பழுப்புமாகக் கறை ஏற்படுத்தும் என்பது பின்னரே புரிந்தது. அந்தத் தலைமுறையின் சிலர் வாழ்நாள் முழுதும் சிரிக்கும்போது கையால் வாயை மறைத்துக்கொண்டார்கள். கறை கண்ணுக்குத் தெரிந்ததால் அந்தத் தவறு திருத்தப்பட்டது. எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அம்மருந்தைத் தவிர்ப்பது பொதுவான நடைமுறையாயிற்று. இன்று நாம் கொடுக்கும் மருந்துகள் கறை ஏற்படுத்துவதில்லை. அதனால் நாம் திருத்திக்கொள்வதும் இல்லை.

எண்களில் பார்த்தால் நிலைமை இது: 2022இல் லான்செட் இதழில் வெளியான உலகளாவிய மதிப்பீட்டின்படி, 2019ஆம் ஆண்டில் மட்டும் மருந்துகளுக்கு மசியாத பாக்டீரியாக்களால் நேரடியாக இறந்தவர்கள் 12.7 லட்சம் பேர். அவர்களில் ஐந்தில் ஒருவர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை. நம் நகரமும் இந்த வரலாற்றில் இருக்கிறது. 2010இல் புதுதில்லியின் பெயர் சூட்டப்பட்ட என்டிஎம்-1 என்ற நொதியைச் சுமந்த கிருமிகளைப் பற்றிய ஆய்வு வெளியானபோது, அதில் சென்னையிலிருந்து எடுக்கப்பட்ட மாதிரிகளும் சென்னை ஆய்வாளர்களும் இருந்தனர். நாடு பெயரைப் பற்றிச் சண்டை போட்டது. 2012இல் மருத்துவ அமைப்புகள் சென்னையில் கூடி, சென்னைப் பிரகடனம் என்ற பெயரில் இந்தியச் சூழலுக்கேற்ற செயல்திட்டம் ஒன்றை முன்வைத்தன. பிரகடனத்துக்கு நம் தலைநகரின் பெயர் இருக்கிறது. நம் சீட்டுகளில் அதன் சுவடு இருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.

7

என்ன செய்யலாம்? பெரிய திட்டங்கள் எனக்குத் தெரியாது. செய்யக்கூடியவை என்று தோன்றும் சிலவற்றைச் சொல்கிறேன்.

ஆன்டிபயாடிக் எழுதும்போது எதற்காக என்ற காரணத்தையும் சீட்டில் எழுதவேண்டும். 2024 ஜனவரியில் மத்திய சுகாதாரச் சேவைகள் தலைமை இயக்குநரகம் மருத்துவர்களுக்கு விடுத்த வேண்டுகோளே இதுதான். வேண்டுகோளாக இருப்பது விதியாகவேண்டும். "முகவீக்கம், காய்ச்சல் 102" என்று எழுத முடிந்தால் மருந்தை எழுதுங்கள். "குழந்தை அழுதது, நாளை ஞாயிறு" என்பதைத் தவிர எழுத ஒன்றுமில்லை என்றால் பேனாவை மூடிவிடுங்கள். அந்த ஒரு வரி எழுதவேண்டியிருந்தால் என் மகளின் மூன்று சீட்டுகளும் பிறந்திருக்காது.

வலியை வலியாக நடத்தவேண்டும். எடைக்கேற்ற அளவில், மருத்துவர் சொல்லும்படி பாராசிட்டமாலோ ஐபுப்ரோஃபெனோ பெரும்பாலான குழந்தைகளை ஓரிரவு தாண்டவைக்கும். வார இறுதியில் வேண்டியது அதுவும், திங்கட்கிழமை காலை முதல் நாற்காலி இந்தக் குழந்தைக்கு என்ற உறுதியுமே.

கேரளம் 2024இல் 'ஆபரேஷன் அம்ருத்' என்ற பெயரில் சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் விற்கும் கடைகளில் சோதனைகளைத் தொடங்கியது. நம்மிடமும் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இருக்கிறது. அண்டை மாநிலத்தால் முடிவது நம்மால் ஏன் முடியாது என்பது நியாயமான கேள்வி.

அரசு மருத்துவமனைகளில் குழந்தைகளின் பல்லில் அன்றே வேலை செய்யக்கூடிய மருத்துவர்களும் நேரமும் வேண்டும். சொத்தையை நிறுத்திவைக்கும் வெள்ளி டைஅமின் ஃப்ளோரைடு, கிளாஸ் அயனோமர் அடைப்பான், ஃப்ளோரைடு பற்பசை ஆகியவற்றை உலக சுகாதார நிறுவனம் 2021இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. மூன்றுமே எளியவை, துளைக்கும் எந்திரத்தின் ஓசையின்றிக் கையாளத்தக்கவை. பள்ளிகளில் இவற்றைக் கொண்டு செய்யும் ஒருநாள் வேலை, பின்னால் எழுதப்படவிருக்கும் எத்தனையோ சீட்டுகளைத் தடுக்கும்.

பெற்றோர் செய்யக்கூடியது ஒரே ஒரு கேள்வி: "இது எதுக்கு டாக்டர்?" மரியாதையாகவே கேட்கலாம். நல்ல மருத்துவருக்கு இக்கேள்வி பிடிக்கும். பிடிக்காதவரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம். சீட்டில் ஆன்டிபயாடிக் இல்லையென்றால், ஏன் இல்லை என்று என்னைப்போல் கேட்காதீர்கள். உண்மையிலேயே தேவைப்பட்டு எழுதப்பட்டிருந்தால் சொன்னபடி கொடுங்கள், மிச்சத்தைச் சேமிக்காதீர்கள்.

எங்களுக்கு முதல் சீட்டு எழுதப்பட்ட அறையில், மருத்துவரின் நாற்காலிக்கு மேலே திருக்குறளின் 948ஆம் குறள் சட்டம்போட்டு மாட்டப்பட்டிருந்தது. நம் ஊர் மருத்துவர்கள் பலரின் சுவரிலும் அதைப் பார்க்கலாம். நோய் என்ன, அதற்கான காரணம் என்ன என்று தேடியறிந்த பின்னரே தீர்க்கும் வழியில் இறங்கவேண்டும் என்பது அதன் சாரம். என் மகளின் விஷயத்தில் காரணம் ஒரு கடைவாய்ப்பல்லுக்குள் இருந்தது. அதைத் தேடிப் போக ஆறு மாதமும் மூன்று புட்டிகளும் ஆயின.

மகள் இப்போது நன்றாக இருக்கிறாள். பல் இருந்த இடத்தில் இடங்காக்கும் கம்பி வளையம் ஒன்று போட்டிருக்கிறார்கள். அவளுக்கு இனிமேல் ஒரு நிமோனியாவோ வேறு கடுமையான தொற்றோ வந்தால், அன்று அந்தச் சிரப்புகள் அவளுக்கு உதவுமா என்பது எனக்குத் தெரியாது. எழுதித் தந்தவர்களுக்கும் தெரியாது. அவர்கள் கெட்டவர்கள் அல்லர். நானும் கெட்ட தகப்பன் அல்லன். எங்கள் மூன்று மாலைகளின் நிம்மதிக்காக அவளுடைய கையிருப்பிலிருந்து எடுத்துச் செலவழித்தோம். பல் மருத்துவ நண்பர்கள் யாரேனும் இக்கட்டுரையை மறுத்து எழுதினால் மகிழ்ச்சியுடன் வாசிப்பேன். அவர்களிடம் நான் கேட்பது ஒன்றே: சென்ற மாதம் நீங்கள் குழந்தைகளுக்கு எழுதிய ஆன்டிபயாடிக் சீட்டுகளின் நகல்களை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் பின்புறமும் காரணத்தை ஒரு வரியில் எழுதிப் பார்த்துவிட்டு, அதன்பின் மறுப்பை எழுதுங்கள்.